பிறகு தைத்த சின்னம்

சாம்பாரில் உப்புப் போதுமா என்று கேட்டால்கூட அவரிடமிருந்து நேரான பதில் வராது. கரண்டியால் ஒருமுறை கிளறுவார், உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்குவார், மேலே பார்த்து யோசிப்பார். "இப்ப சொல்ல ஏலாது பிள்ளை. கொஞ்சம் ஆறட்டும்" என்பார். ஆறின பிறகு உப்புப் பார்த்து நான் என்ன செய்ய? பந்தியில் உட்கார்ந்தவர்கள் எழுந்து கை கழுவப் போயிருப்பார்கள். வானம் கறுத்துக் காற்று அடிக்கும்போது "மழை வருமா அங்கிள்?" என்று கேட்டாலும் அதே "சொல்ல ஏலாது"தான். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். நான் சட்டென்று பேசி, சட்டென்று வாங்கிக் கட்டிக்கொள்கிற ஜாதி.

டெக்சாஸில் கேட்டி என்கிற ஊரில் நாங்கள் வீடு வாங்கிப் போனபோது எதிர்வீட்டுக்காரர் அவர். யாழ்ப்பாணத்துக்காரர். சின்ன வயதில் அகதியாக ஜெர்மனிக்குப் போய், அங்கேயே படித்து, பிறகு எண்ணெய்க் கம்பெனி வேலையாக இங்கே வந்தவர். குழாய்களின் வெல்டிங்கை எக்ஸ்ரே எடுத்து, விரிசல் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிற இன்ஜினியர். அவருடைய ஒரு கையெழுத்துக்காக மேனேஜர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வார்களாம். ஐம்பதுதான் தாண்டியிருக்கும், ஆனால் தலை முழுக்க வெள்ளை என்பதால் அங்கிள் ஆகிவிட்டார். மனைவி பிரிந்து போய் வேறு மாநிலத்தில், குபெர்டினோவில், மகளோடு இருந்தார். இவர் சேர்த்துவைத்திருந்த பழைய கோட்டுகளைக் காட்டி, "இந்தக் கோட்டுகளா, நானா?" என்று அந்தம்மா கேட்டாராம். "யோசிச்சுச் சொல்லுறன்" என்று இவர் சொன்னாராம். இதை அவரே என்னிடம் சொன்னார். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை.

நாங்கள் இப்போது ஆலன் என்கிற ஊருக்கு மாறிவிட்டோம். அவரும் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார் என்று கேள்வி. எங்கே என்று தெரியாது. ஆனாலும் அவரைப் பற்றி யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் போலிருக்கிறது.

கோட்டுகளை நான் முதலில் பார்த்தது ஒரு ஹரிக்கேன் சமயத்தில். இரண்டு நாள் விடாத மழை. தெருவில் தண்ணீர் ஏறி அவர் வீட்டு வாசலைத் தொட்டுவிட்டது. நானும் என் வீட்டுக்காரரும் உதவிக்கு ஓடினோம். சோபா, டிவி, பிரிட்ஜ் எல்லாம் கீழே அப்படியே இருக்க, அவர் கராஜிலிருந்து அட்டைப் பெட்டிகளைக் காட்டி, "முதல்ல இதுகள், முதல்ல இதுகள்" என்று பதறினார். பாதிப் படி ஏறும்போது என் கையிலிருந்த பெட்டியின் அடி ஈரத்தில் பிய்ந்தது. கனமான கம்பளிக் கோட்டு ஒன்று படியில் விழுந்தது. பச்சைக் கோட்டு, பழுப்புக் காலர். கையில் ஒரு கழுகு, அதன் காலடியில் ஸ்வஸ்திக். நம் வீட்டு வாசலில் போடுகிற ஸ்வஸ்திக் அல்ல. சாய்ந்து நிற்குமே, அது.

"என்ன அங்கிள் இது?"

"பொலிஸ்காரன்ர உடுப்பு."

"எந்த ஊரு போலீஸ்?"

"ஜெர்மனி. யுத்த நேரத்தில போட்டது."

"இந்தக் கருமத்தையா நான் இடுப்பு ஒடியத் தூக்கிட்டு வரேன்?" என்று கத்திவிட்டேன். என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து, "அப்புறம் சண்டை போடு. தண்ணி ஏறுது, தூக்கு" என்றார். தூக்கினேன். ஆனால் அன்றைக்குப் பிறகு பேச்சை நிறுத்திவிட்டேன். நம் நிறத்துக்கு இந்த ஊரில் நடக்கிற மரியாதை போதாதென்று எதிர்வீட்டிலேயே நாஜி கோட்டா? அவர் கார் வந்தால் நான் ஜன்னலைச் சாத்துவேன்.

மழை விட்டுப் பல வாரம் கழித்து அவரே வந்து வாசலில் நின்றார். "ஒருக்கா வந்து பாருங்கோ பிள்ளை. பாத்திட்டுக் கோவியுங்கோ" என்றார்.

மாடியில் ஓர் அறை. குளிரூட்டி மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. வரிசையாகக் கோட்டுகள், எல்லாம் உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி மாட்டப்பட்டிருந்தன. கழுகு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. லைனிங்கும் தையலும்தான் தெரிந்தன.

"ஏன் இப்படித் திருப்பி மாட்டியிருக்கீங்க?"

"வெளிப்பக்கத்தைப் பாக்கிறதுக்கு எனக்கு விருப்பமில்லை. ஆளைப் பற்றின விசயம் உள்பக்கத்திலதான் கிடக்கும்."

லைனிங்கில் குத்தியிருந்த உடுப்புக் கிடங்கு முத்திரைகளைக் காட்டினார். ஒன்றின் பையில் மை மங்கிய ஒரு பெயர். இன்னொன்றில் அக்குள் கிழிந்து யாரோ பொறுமையாகத் தைத்திருந்தார்கள், மனைவியாக இருக்கலாம். "இவங்கள் ஆமிக்காரர் இல்லை பிள்ளை. ஊரில சந்தியில நிண்டு டிராபிக் பாத்த பொலிஸ்காரர். யுத்தம் வந்தோடன ஆமிக்குப் பின்னால அனுப்பி, ஊர் ஊராச் சனத்தை நிரையில விட்டுச் சுட வைச்சது. முடிஞ்சாப் பிறகு, தப்பினவன் திரும்பி வந்து அதே சந்தியில டிராபிக் பாத்தவன். ஒருத்தருக்கும் தெரியாது."

"அதை ஏன் நீங்க வீட்ல வச்சிருக்கணும்?"

"சுட்டது ஆரெண்டு சொல்ல ஆராவது ஒருத்தன் வேணும்தானே."

கோபம் முழுக்கப் போகவில்லை. ஆனாலும் போக வர ஆரம்பித்தேன். என் வேலை சாப்ட்வேர் டெஸ்டிங், அடுத்தவன் செய்ததில் குறை கண்டுபிடிக்கிற பிழைப்பு. அதனாலேயே அவர் குறை கண்டுபிடிக்கிற விதம் என்னை இழுத்திருக்க வேண்டும்.

பல மாநிலங்களிலிருந்து ஆட்கள் கோட்டைக் கொண்டுவந்து, அசலா போலியா என்று கேட்டு அவரிடம் காட்டுவார்கள். வந்தவர் ஒருவர் அங்கிளின் கோட்டு ஒன்றை எடுத்துப் போட்டுக் கண்ணாடி முன்னால் நின்று நெஞ்சை நிமிர்த்திப் பார்த்தார். இவர் கோட்டைக் கழற்றி வாங்கி, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அந்த ஆள் போகும்வரை நின்றார்.

இன்னொரு நாள் வயதான வெள்ளைக்காரர் ஒருவர் வந்தார். கோட்டைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். தன் அப்பா யுத்தத்திலிருந்து கொண்டுவந்தது என்றார். அங்கிள் கோட்டைத் திருப்பினார், முகர்ந்தார், பித்தான்களின் பின்பக்கத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். பிறகு அதை எடுத்துக்கொண்டு இருட்டான துணி அலமாரிக்குள் நுழைந்தார். டார்ச் பிடிக்க என்னையும் கூப்பிட்டார். அது நீல வெளிச்சம் விடுகிற டார்ச். அந்தக் காலத்து நூல் அந்த வெளிச்சத்தில் மங்கிக் கிடக்கும், பிற்காலத்து நூல் பளிச்சென்று ஒளிரும். கோட்டுத் தையல் முழுக்க மங்கல். கையில் கழுகைச் சுற்றிய தையல் மட்டும் வெள்ளைவெளேரென்று மின்னியது.

வெளியே வந்து, மெதுவான ஆங்கிலத்தில், கோட்டு உண்மைதான், பித்தான்களைப் பார்த்தால் யுத்தம் முடிந்து சில வருடம் கழித்துத் தைத்த போலீஸ் கோட்டு, சின்னம் மட்டும் பிறகு வந்தது என்றார். பெரியவரின் முகம் சிவந்தது. அப்பா பொய் சொன்னாரா என்று கேட்டார். அதைத் தன்னால் சொல்ல முடியாது என்றார் இவர். பெரியவர் கோட்டை மடிக்கக்கூட மடிக்காமல் வாரிக்கொண்டு போனார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஒரிஜினல்னு சொல்லிட்டா என்ன குறைஞ்சு போயிடும் அங்கிள்? மனுஷன் எவ்ளோ ஆசையா வந்தாரு. சந்தோஷமா போயிருப்பாரு இல்ல?"

அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "அது ஆரோ ஒரு பெடியன்ர கோட்டு. யுத்தத்துக்குப் பிறகு பொலிஸில சேர்ந்தவன். ஒருத்தரையும் சுடாதவன். அவன்ர கையில கொலைகாரன்ர சின்னத்தைத் தைச்சு விட்டிருக்கிறாங்கள். நான் ஓம் எண்டு சொன்னால் நானும் ஒரு தையல் போட்ட மாதிரித்தான். பிழையான ஆளைக் காட்டினால் சரியான ஆள் தப்பிப் போடுவான் பிள்ளை. விளங்குதோ?"

விளங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் விளங்கியது. ஞாயிறு தோறும் டொராண்டோவிலிருந்து அவருடைய அண்ணி போன் பண்ணுவார். அன்றைக்குப் போனை வைத்த பிறகு நான் கேட்காமலே சொன்னார்.

அவர் பத்தாம் வகுப்பில் இருந்தபோது அண்ணனைச் சீருடைக்காரர்கள் வீட்டுக்கு வந்து கூட்டிப் போனார்கள். அண்ணிக்கு அப்போது கைக்குழந்தை, அவர் தாய்வீட்டில் இருந்தார். இவர் கிணற்றடி வாழைகளுக்குள் ஒளிந்துகொண்டு பார்த்தார். பார்த்தவர் இவர் ஒருவர்தான்.

"அம்மா ஒவ்வொரு முகாமாப் போய்க் கேட்டவ. எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி. என்ன உடுப்புப் போட்டிருந்தவங்கள்? அம்மா வீட்டை வந்து என்னைக் கேப்பா. பச்சை எண்டு சொன்னன். அப்ப எல்லாற்ற உடுப்பும் பச்சைதானே பிள்ளை. எங்கட ஆக்கள் இல்லை, எங்கட ஆக்கள் இல்லை எண்டு எல்லாரும் அம்மாவைத் திருப்பி அனுப்பினவங்கள்."

அந்தச் சமயம் அந்தப் பக்கம் இரண்டு வகைப் பச்சைக்காரர்கள் இருந்தார்களாம். ஒரு வகையினர் பிடித்துக்கொண்டு போனவர்களில் சிலர் பல வருடம் கழித்து எங்கெங்கோ இருந்து திரும்பியிருக்கிறார்கள். மற்ற வகையினரிடம் போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வந்ததில்லை. வித்தியாசம் தோளில் இருந்த சின்னம் மட்டும்தான்.

பிறகு ஜெர்மனியில் படிக்கிற காலத்தில், பழைய சாமான் சந்தை ஒன்றில் ஒரு கிழவர் பச்சைக் கோட்டு ஒன்றைத் தூக்கிப் பார்த்து, இது இந்த ஊர்ப் போலீஸ், இந்தக் காலம், இந்தப் பிரிவு என்று சொன்னாராம். இவர் அங்கேயே நின்றுவிட்டார். உடுப்பைப் பார்த்து ஆளைச் சொல்ல முடியும் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்ததாம். முதல் கோட்டை வாங்கியது அந்தச் சந்தையில்தான்.

"நீங்க அன்னைக்கு அந்தச் சின்னத்தைப் பாத்தீங்களா, இல்லையா?" என்றேன்.

"ஒருத்தன் திரும்பேக்க தோளில சின்னம் கண்டனான் எண்டு ஞாபகம். ஆனால் அதுக்குப் பிறகு பேப்பரில எத்தினை படம் பாத்திட்டன்! அண்டைக்குக் கண்டதோ, பிறகு என்ர மூளை தைச்சு விட்டதோ? ஞாபகத்துக்கு அடிச்சுப் பாக்க என்னட்ட லைட் இல்லை."

எனக்கு அவர் தலையைத் தடவிக் கொடுக்க வேண்டும்போல இருந்தது. செய்யவில்லை. காபி போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த வருடம் அந்தக் கைக்குழந்தைக்கு, அதாவது அண்ணன் மகளுக்கு, டொராண்டோவில் கல்யாணம் நிச்சயமானது. அப்பா இடத்தில் நின்று தாரை வார்த்துக் கொடுக்கச் சித்தப்பா வர வேண்டும் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாளாம். மனுஷனுக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. என் வீட்டு அடுப்படியில் ஒரு செம்பில் தண்ணீர் எடுத்து, என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துவைத்து, சிந்தாமல் ஊற்றிப் பழகினார். புதுப் பட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்து, "வடிவா இருக்கோ பிள்ளை?" என்று கேட்டார். "சொல்ல ஏலாது" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் பார்த்ததில்லை.

கார்டு அச்சடிக்கக் கொடுப்பதற்கு முன்னால் அண்ணி நேரே கேட்டிக்கு வந்து இறங்கினார். ஒல்லியான உருவம், நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. வந்த நாளிலிருந்து ஒரே கேள்விதான். அன்று மத்தியானம் நான் புளியோதரை எடுத்துக்கொண்டு போனபோது சாப்பாட்டு மேசையில் அதே கேள்வி நடந்துகொண்டிருந்தது. என்னைக் கண்டும் அவர் நிறுத்தவில்லை.

"கார்ட் அடிக்கிறவன் கேக்கிறான் தம்பி, தகப்பன்ர பேருக்கு முன்னால திரு போடுறதோ, அமரர் போடுறதோ எண்டு. நான் என்னத்தைச் சொல்லுறது? திரு எண்டு போட்டால், எங்க ஆள் எண்டு சபையில கேப்பினம். அமரர் எண்டு போட்டால், அவர் எங்கயாவது ஒரு மூலையில உயிரோட கிடந்தால், நான் எல்லோ அவரைச் சாகடிச்சது?"

"அண்ணி, எனக்குத் தெரியேல்லை. எத்தினை தரம் சொல்லுறது?"

"நீர் கண்டனீர். உலகத்தில நீர் ஒருத்தர்தான் கண்டனீர். ஊர் ஊரா இருந்து வெள்ளைக்காரன் எல்லாம் உம்மட்டக் கேக்க வாறான். அவங்களுக்குச் சொல்லுறீர். எனக்குச் சொல்ல மாட்டீரோ?"

அவர் என் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கி மேசையில் வைத்தார்.

"ஒவ்வொரு வீடு மாறேக்கையும் பழைய வீட்டுக்காரனிட்ட என்ர புது விலாசம் குடுத்திட்டுத்தான் வந்தனான். ஆராவது தேடி வந்தால் குடுங்கோ எண்டு. அவங்கள் என்னை விசரி எண்டு நினைச்சிருப்பாங்கள். எனக்கு இனி ஏலாது தம்பி. செத்திட்டார் எண்டால் அழுதிட்டு இருப்பன். இருக்கிறார் எண்டால் காத்துக்கொண்டு இருப்பன். ரெண்டையும் சேர்த்துச் செய்ய எனக்கு இனி ஏலாது."

அண்ணி மேசையில் நெற்றியை வைத்தார். மேசைவிரிப்பில் குங்குமம் ஒட்டியது. அங்கிள் அந்தக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அங்கே இருக்கவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை.

"அவங்கள்தான் அண்ணி" என்றார்.

"ஆர்?"

"கொண்டுபோனால் விடாத ஆக்கள்."

அண்ணி தலையைத் தூக்கினார். "நிச்சயமோ?"

"நிச்சயம். தோளில சின்னம் கண்டனான். வடிவாக் கண்டனான்."

நிச்சயம் என்கிற வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. அங்கிள், வேண்டாம் என்று கத்த வேண்டும்போல இருந்தது. அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

அண்ணி எழுந்து பாத்ரூமுக்குப் போனார். தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது நெற்றி வெறுமையாக இருந்தது. மகளுக்குப் போன் போட்டு, "அமரர் எண்டு போடச் சொல்லு பிள்ளை" என்றார். குரல் தெளிவாக இருந்தது. போனை வைத்த பிறகுதான் தரையில் உட்கார்ந்து, மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். அத்தனை வருட அழுகையும் ஒன்றாக வந்தது. நான் அவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அங்கிள் சுவரோடு சாய்ந்து நின்றார். அவர் அழவில்லை. அவர் எப்படி அழ முடியும்?

நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தார். "நான் என்ன செய்தனான் எண்டு உங்களுக்குத் தெரியும். வாயைத் திறக்கக் கூடாது பிள்ளை. திறந்தால் அவ திரும்பக் காக்கத் தொடங்கிடுவா."

"உங்க அண்ணனை நீங்களே..." என்று ஆரம்பித்தேன்.

"ஓம்" என்றார்.

மறுநாள் காலையில் அண்ணி பெட்டியோடு என் வீட்டுக் கதவைத் தட்டினார். விமானம் மறுநாள்தான், அதுவரை இங்கே இருக்கலாமா என்று கேட்டார். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். மெல்ல விஷயம் வெளியே வந்தது. விடிந்ததும் அவருக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கிறது. தம்பி, இது உமக்கு எப்ப தொடக்கம் தெரியும் என்று கேட்டிருக்கிறார். அண்டைக்கே தெரியும் என்று அவர் சொல்லியிருக்கிறார். வேறு என்ன சொல்வார்? அத்தனை தெளிவாகக் கண்டவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கத்தானே வேண்டும்.

"அப்ப இவ்வளவு காலமும் ஏன் என்னைக் காக்க விட்டவர்?" என்று அண்ணி என்னைக் கேட்டார். "எனக்கு இருவத்திமூண்டு வயசு அப்ப. நான் காத்துக்கொண்டு இருந்ததைப் பாத்துக்கொண்டுதானே இருந்தவர். ஒவ்வொரு ஞாயிறும் கதைச்சனான். ஒவ்வொரு ஞாயிறும் தெரியாது எண்டு சொன்னவர்." அழுகை இல்லை. அழுகையெல்லாம் முந்தின நாளே முடிந்துவிட்டது. இப்போது கண்ணில் இருந்தது வெறுப்புத்தான். அது வளர்வதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஏர்போர்ட்டுக்கு நான்தான் காரில் கூட்டிப்போனேன். எதிர்வீட்டு வாசலில் அங்கிள் நின்றார். அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. ஃப்ரீவேயில் ஏறிப் பாதி தூரம் போன பிறகுதான் பேசினார்.

"நீங்கள் அவரோட நெடுகப் பழகிறனீங்கள் பிள்ளை. ஒண்டு கேக்கிறன், உண்மையைச் சொல்லுங்கோ. நிச்சயமில்லாத ஒண்டை அவர் நிச்சயம் எண்டு சொல்லுவாரோ?"

ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சொல்லுவார் என்றால் இந்தப் பெண்மணி இன்றைக்கே பொட்டு வைத்துக்கொண்டு மறுபடி காத்திருக்க ஆரம்பிப்பார். சொல்ல மாட்டார் என்றால் அந்த மனுஷனுக்கு அண்ணன் வழியில் மிஞ்சியிருக்கிற உறவும் அறுந்துபோகும். சட்டென்று பேசுகிறவள் அன்றைக்கு ஒரு எக்ஸிட் தாண்டும்வரை பேசவில்லை.

"சொல்ல மாட்டார் ஆன்ட்டி" என்றேன். "உயிரே போனாலும் சொல்ல மாட்டார்."

அண்ணி தலையை ஆட்டினார். இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரைக் கலியாணத்துக்கு வர வேண்டாம் எண்டு சொல்லிவிடுங்கோ. தாரை வார்க்க என்ர அண்ணர் இருக்கிறார்" என்றார்.

நான் திரும்பி வந்தபோது அவர் அதே வாசலில் நின்றுகொண்டிருந்தார். நல்ல வெயில். கார்க் கதவைத் திறப்பதற்குள் வந்துவிட்டார்.

"என்னவாம்?"

எப்படிச் சொல்வதென்று தெரியாமல் உள்ளபடியே சொன்னேன். கல்யாணத்துக்கு வர வேண்டாமாம், தாரை வார்க்க வேறு ஆள் இருக்கிறாராம் என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என்னைத் தேற்றுவதுபோல இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார்.

"அழாதேங்கோ பிள்ளை" என்றார். "அப்ப அவ நம்பிட்டா."